இல்ஃபோர்ட்காரரின் ஆறு ஏக்கர் காடு

காடு ஸ்கொட்லாந்தில் இருக்கிறது, அதன் சொந்தக்காரர் லண்டனில் இருக்கிறார், நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்க ஒருவர் வேண்டும். அதற்குத்தான் எனக்குச் சம்பளம். நீங்களும் அடுத்தவர் பொருளைப் பராமரித்துப் பிழைப்பவரென்றால், வீடு திருத்துகிறவரோ வாகனம் திருத்துகிறவரோ பல் பிடுங்குகிறவரோ யாராக இருந்தாலும், என் இனம். நாம் ஒன்று சொல்ல, அதற்கு நேர்மாறாகச் செய்துவிட்டு வந்து, இனி என்ன செய்யலாம் என்று நம் முகத்தையே பார்ப்பவர்களை உங்களுக்கும் தெரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் படித்துவிட்டு, பாவம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

கலியாண வீட்டில்

லண்டன் கலியாண மண்டபங்களில் என் வேலையைச் சொல்வது எனக்கு எப்போதும் வில்லங்கம். டொக்டர், எஞ்சினியர், கணக்காளர் என்றால் கேட்டவர் தலையாட்டிவிட்டு வடைக்குத் திரும்பிவிடுவார். காடு பார்க்கிறேன் என்றால் வடை பாதி வழியில் நின்றுவிடும். லண்டனில் எங்கே காடு என்று கேட்பார்கள். இங்கே அலுவலகம்தான், இங்குள்ளவர்கள் ஸ்கொட்லாந்தில் காணி வாங்கி மரம் வளர்க்கிறார்கள், மரம் பெரிதாகும்வரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று பொறுமையாக விளக்குவேன்.

ஒருமுறை மனைவிக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு மாமி அத்தனையையும் குறுக்கே பேசாமல் கேட்டார். வன்னியில் காடு மாறிக் காடு இடம்பெயர்ந்து, எப்படியோ உயிரோடு இங்கே வந்து சேர்ந்தவர். நான் முடித்ததும் என் மனைவியை ஒருதரம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நாங்கள் காட்டை விட்டு வெளியில வாறதுக்குப் பட்ட பாடு கடவுளுக்குத்தான் தெரியும். நீர் படிச்சுப் பட்டமும் எடுத்துப்போட்டு உள்ளுக்குப் போறீர்."

குடை

தில்லைநாதன் அண்ணை இல்ஃபோர்டில் நீண்ட காலம் பெற்றோல் நிலையம் நடத்தி ஓய்ந்தவர். மனைவி இல்லை, ஒரே மகள் யாழினி, மருந்தாளர். எங்கள் நிறுவனம் பெரிய காடொன்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றபோது ஆறு ஏக்கர் வாங்கினார். முன்பு சதுப்பாகக் கிடந்து, கான் என்கிற வடிகால் வெட்டித் தண்ணீரை வடியவைத்த நிலம். மேலே பீட் என்கிற கறுத்த மண், கையில் எடுத்தால் தேயிலைச் சக்கைபோல இருக்கும். அதில் ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரக் கன்றுகளை நாங்கள் நட்டிருந்தோம். அவற்றுக்கு மேலே, யாரும் நடாமல், காற்றில் விதை வந்து பேர்ச் மரங்கள் ஆளைவிட உயரமாக முளைத்து நின்றன.

பேர்ச்சை ஏன் விட்டு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். படம் கீறிக் காட்டினேன். ஸ்புரூஸ் மார்கழிக் குளிருக்கு அசையாது. மே மாதத்தில் இளங்குருத்து விட்டிருக்கும்போது வருகிற உறைபனிதான் அதைக் கொல்லும். குளிர்காற்று தாழ்ந்த நிலத்தில் வந்து தேங்கும். பேர்ச் அதற்குக் குடை. மண்ணில் உள்ள ஈரத்தையும் உறிஞ்சிக் கானுக்கு உதவி செய்யும். அதற்காகக் குடையை அப்படியே விடவும் கூடாது, காற்றில் ஆடி ஸ்புரூஸின் நுனியை அடித்துவிடும், வெளிச்சத்தையும் மறைக்கும். முதலில் இடையிடையே வெட்டிக் கொஞ்சம் ஐதாக்குவோம், கன்று உறைபனிக்கு எட்டாத உயரம் போனபிறகு மீதியை எடுப்போம். அவசரப்படாமல் இருப்பதுதான் இதில் உள்ள வித்தை என்றேன்.

அண்ணைக்கு இல்ஃபோர்டில் வாடகைக்கு விட்ட வீடும் ஒன்று இருந்தது. படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "குடியிருக்கிறவனை உள்ளுக்கு வச்சுக்கொண்டு வீடு கட்டுற மாதிரிக் கிடக்கு, தம்பி. பிறகு அவன் எழும்பமாட்டான்."

விம்பிள்டன் டொக்டர்

அண்ணையின் காணிக்குப் பக்கத்து ஆறு ஏக்கர் விம்பிள்டனில் இருக்கும் ஒரு டொக்டருடையது. மதுரைப் பக்கத்துக்காரர், அறுவைச் சிகிச்சை நிபுணர். அவருடைய கணக்காளர் வாங்கச் சொன்னாராம், வாங்கிவிட்டார். அதே மண், அதே கான், ஒரே கிழமையில் நட்ட கன்றுகள், அதே பேர்ச். நான் அனுப்பிய மின்னஞ்சல் ஒன்றுக்கும் பதில் வராததால், பேர்ச்சை ஐதாக்க அனுமதி கேட்டு ஒரு சனிக்கிழமை காலையில் அவர் வீட்டுக்கே போனேன்.

கதவைத் திறந்தவர் ஒரு கையால் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் அவசரம். குடை, உறைபனி, கான் என்று நான் தொடங்கியதும் என் தோளில் தட்டினார். அதுதான் அவர் தன் காட்டைப் பற்றி என்னோடு பேசிய மிக நீண்ட பேச்சு: "சார், எல்லாம் நீங்களே பாத்துக்கோங்க. ஃபோட்டோ மட்டும் அனுப்பாதீங்க, ஃபோன்ல இடம் இல்ல."

பத்தை

அண்ணை அப்படியில்லை. காணியை நேரில் பார்க்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். முதல் ஐதாக்கல் முடிந்த கையோடு அவரையும் யாழினியையும் ரயிலில் கூட்டிப்போனேன். நல்ல கோட்டும் மினுக்கிய சப்பாத்தும் போட்டு, கோயிலுக்கு வருகிறவர்போல வந்தார். காணி வாசலில் இறங்கி, என்ர மரம் எங்கே என்று கேட்டார். பேர்ச் கொப்புகளை விலக்கி, இடுப்பளவு நின்ற ஸ்புரூஸ் ஒன்றைக் காட்டினேன். குனிந்து அதைத் தொட்டார். பிறகு நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார். முகம் இருண்டுபோயிற்று. எனக்கு அது அழகான காடு. அவர் கண்ணில் பட்டது பத்தை, வெறும் புதர்.

திரும்பி வரும் ரயிலில்தான் காரணத்தைச் சொன்னார். ஊரில் அவருடைய காணி இருபது வருடத்துக்கு மேலாக இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் கிடந்தது. கடைசியில் விட்டபோது ஒரே பத்தைக் காடு. அங்கே இருந்தவர்கள் உடனே கத்தியோடு போய் வெட்டித் துப்பரவாக்கி வேலி அடைத்தார்கள். இவர் இங்கே பெற்றோல் நிலையத்தில் நின்றார். இரண்டு வருடம் கழித்துப் போனபோது மூன்று பக்கத்து வேலியும் உள்ளே நகர்ந்திருந்தது. வீடு நின்ற இடத்தையே அவரால் பிடிக்க முடியவில்லை. உறுதிப் பத்திரம் இவர் பெயரில்தான். அதைக் காட்டிக்கொண்டு அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, வெறுத்துப்போய்த் திரும்பி வந்தார். அதன் பிறகு வாங்கியதுதான் இந்த ஆறு ஏக்கர். யாரும் கிளப்ப முடியாத ஒரு துண்டு நிலம் மகளுக்கு விட்டுப் போகவேண்டும், அவ்வளவுதான் ஆசை. நான் பேர்ச்சைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். இறங்கும்போது மட்டும் சொன்னார்: "பத்தை பிடிச்ச காணியை ஆரும் தன்ரை எண்டு சொல்லலாம், தம்பி. வெட்டினவனுக்குத்தான் காணி."

சிரமதானம்

ஊரில் பள்ளிக்கூட வளவோ கோயில் வீதியோ கிணறோ, எது பாழடைந்தாலும் சிரமதானம் என்று கூடிப் போவது நம்மவர் வழக்கம். மண்வெட்டி, கத்தி, ஒரு கிடாரம் சோறு. பொழுது சாய்வதற்குள் இடம் பளிச்சென்று ஆகிவிடும். நல்ல வழக்கம்தான். அதை ஸ்கொட்லாந்து வரைக்கும் பஸ் பிடித்துக் கொண்டுபோவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மே மாத நீண்ட வார இறுதியில் அண்ணை தன் பழைய பாடசாலைச் சங்கத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். ஒரு பஸ் நிறைய ஆட்கள். தோட்ட வேலை செய்கிற நாலைந்து பேர் இயந்திர வாளோடு முன்னால், மற்றவர்கள் கைவாளோடு பின்னால். றோல்ஸ், புரியாணி, தேத்தண்ணி. தங்குவதற்கு மலையேறுபவர்களின் விடுதி. மூன்று நாள் மாய்ந்து மாய்ந்து வெட்டி, ஆறு ஏக்கரிலும் ஒரு பேர்ச் விடாமல் சாய்த்தார்கள். ஸ்புரூஸில் ஒரு கீறல்கூட விழவில்லை. ஒவ்வொன்றையும் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றதை வெட்டியிருக்கிறார்கள்.

லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் வந்து இருந்தபோது வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. திறந்த வெளியில் வரிசை வரிசையாகக் கன்றுகள், உடுப்புக் கழற்றிய பிள்ளைகள்போல. நடுவில் அண்ணை, வேர்த்து விறுவிறுத்து, நான் ஒருநாளும் பார்க்காத சிரிப்போடு: "பாத்தீங்களே, தம்பி? இப்பதான் இது காணி."

மேலிடத்துப் பாராட்டு

நான் தலையில் கை வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து என் மேலதிகாரி ஹெலன் என்ன என்று கேட்டாள். வீடியோவைக் காட்டினேன். அவளுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. எத்தனை தலைமுறை ஒன்றாக வேலை செய்கிறது பார், எவ்வளவு நல்ல சாப்பாடு, இதை நம் செய்திமடலில் போடவேண்டும் என்றாள். உறைபனிக் காலம் இன்னும் முடியவில்லை, குருத்து வந்துவிட்டது, மேலே குடை இல்லை, இந்த ஆள் தன் கையாலேயே தன் காட்டைக் கொன்றுவிட்டார் என்று சொன்னேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். வெட்டிய கொப்புகளைக் கன்றுகளுக்கு மேல் பரப்பலாமா, ஆள் அனுப்பலாமா, அண்ணையிடம் எப்படிச் சொல்வது என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். அவள் கேட்டது வேறு: "அப்படியானால், வெட்டியது நாம் இல்லை என்று அவரிடம் இன்றைக்கே எழுத்தில் வாங்கிவிடுவாயா?"

உறைபனி

அந்தக் கிழமை முழுவதும் நான் வானிலையைப் பார்ப்பதே வேலையாகத் திரிந்தேன். லண்டனில் எல்லோரும் அரைக்கைச் சட்டையோடு பூங்காவில் படுத்துக்கிடந்தார்கள். ஸ்கொட்லாந்திலும் தெளிந்த வானம், காற்றே இல்லை. அப்படியான இரவில்தான் உறைபனி இறங்கும், இதைவிடக் கெட்ட செய்தி எங்கள் தொழிலில் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலை, மூச்சு விட இடமில்லாத ரயிலில் நின்றபோது யூவன் அழைத்தான். அந்தக் காட்டில் எங்களுக்கு வேலை செய்துதரும் ஒப்பந்தக்காரன், அதிகம் பேசாத ஆள். படம் அனுப்பியிருந்தான். அண்ணையின் கன்றுகளில் இளம்பச்சையாக இருந்த குருத்தெல்லாம் அவித்த கீரைபோலக் கறுத்துத் தொங்கின. டொக்டருடைய பக்கம், ஐதாக்கிய பேர்ச்சுக்குக் கீழே, ஒன்றும் ஆகவில்லை. யூவன் நிதானமாகச் சொன்னான்: "எல்லை எது என்று இனி நில அளவையாளரைக் கேட்க வேண்டாம். பச்சை தொடங்குகிற இடம்தான் எல்லை."

அர்ச்சனை

அண்ணையிடம் சொன்னேன். ஒரு உறைபனியில் மரம் செத்துவிடாது, பக்கத்து மொட்டிலிருந்து திரும்பத் தளிர்க்கும், ஆனால் குடை இல்லாமல் அடுத்த மேயில் திரும்பவும் கருகும் என்றேன். வருகிற வெள்ளிக்கிழமை ஆர்ச்வேயில் இருக்கிற கோயிலுக்கு வருவீர்களா என்று கேட்டார். போனேன். என்மேல் கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட்டிருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும். அவர் அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நின்றார், என்னையும் பக்கத்தில் நிற்கச் சொன்னார்.

ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். கன்றுகளுக்கு என்றார் அண்ணை. ஐயர் எத்தனையோ பேரைப் பார்த்தவர். கடைக்கும் காருக்கும் செய்திருக்கிறார், மரத்துக்கும் செய்யலாம், நட்சத்திரம் தெரியாவிட்டால் நட்ட நாளைச் சொல்லுங்கோ, பார்த்துக்கொள்ளலாம் என்றார். அண்ணை என் பக்கம் கையைக் காட்டினார்: "நட்டது இந்தத் தம்பியாக்கள், ஐயா. வெட்டின நாள்தான் எனக்குத் தெரியும்."

கட்டையிலிருந்து

பேர்ச்சுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. வெட்டினால் சாகாது. கட்டை ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கற்றை முளைக்கும். அண்ணை ஒரு பத்தையை வெட்டினார், அடுத்த வருடம் அதைவிட அடர்த்தியாக இன்னொரு பத்தை வந்தது. முழங்காலளவு, பனியை மறைக்க உதவாது, கன்றின் காலடியை மட்டும் நெரிக்கும். நீரை உறிஞ்சப் பெரிய மரமும் இல்லாமல் போனதால் ஈரம் மேலேறிக் கான் ததும்பியது. மே மாதத்து உறைபனி மீண்டும் வந்தது. மாரியில் வேர் அழுகிக் கன்றுகள் செத்தன. யூவன் எடுத்த படங்களைக் கொண்டு இல்ஃபோர்டுக்குப் போனேன்.

அண்ணை படங்களை வாங்கவில்லை. சங்கத்து ஆட்கள் யாராவது கதைத்தார்களா என்று கேட்டேன். அவர்களுக்கு வெட்கம், இவருக்கும் வெட்கம், கலியாண வீடுகளில் ஆளையாள் காணாத மாதிரிப் போகிறார்களாம். வாசல்வரை வழியனுப்ப வந்த யாழினி பின்பக்கத் தோட்டத்தைக் காட்டினாள். ஒரு காலத்தில் சீவி வாரின மாதிரி இருந்த தோட்டம். "பாருங்கோ அங்கிள், புல்லு என்ர முழங்காலுக்கு வந்திட்டுது. அப்பா மெஷினைத் தொட விடுறாரில்லை."

பக்கத்துக் காணி

டொக்டர் ஒருநாள் தானாகவே போன் எடுத்தார். காடு வாங்கியபின் அவர் அழைத்தது அதுதான் முதல் தடவை. கணக்காளருக்கு ஏதோ விவரம் வேண்டுமாம். சொல்லக் கிடைத்த சந்தர்ப்பத்தை நான் விடவில்லை. உங்கள் ஸ்புரூஸ் ஆள் உயரம் தாண்டிவிட்டது, இனி உறைபனி எட்டாது, இந்த மாரியில் மீதிப் பேர்ச்சையும் எடுத்துவிடலாம், பன்னிரண்டு ஏக்கரில் தப்பியது உங்களுடையதுதான் என்று மூச்சு விடாமல் சொன்னேன். நான் படித்த படிப்பு, கீறிய படம், போட்ட கணக்கு எல்லாம் அந்த ஒரு துண்டு நிலத்தில் பலித்திருந்தது. பாராட்டவேண்டாம், ஒரு "அப்படியா" போதும் என்றிருந்தேன்.

பின்னால் யாரோ அவரைக் கூப்பிடுவது கேட்டது. "ஓ," என்றார், "அது இன்னும் நம்மகிட்டதான் இருக்கா?"

பெயர்

கடைசியாக, அண்ணையின் காணியில் திரும்ப நடலாமா என்று கேட்டு விண்ணப்பித்தோம். கிடைக்கவில்லை. அவ்வளவு ஆழமான பீட் நிலத்தில் புதிதாக நட இப்போது விடமாட்டார்கள். பூமியைச் சூடாக்கும் கரிமத்தைப் பிடித்து வைத்திருக்கும் மண், ஈரமாகவே இருக்கட்டும் என்பது இப்போதைய கொள்கை. கானை அடைத்து, பழையபடி சதுப்பாக விடுவதுதான் வழி. எல்லைக் கானை மட்டும் டொக்டருடைய மரங்களுக்காகத் திறந்து வைப்பார்கள். நியாயமான கொள்கைதான், நானே பல கூட்டங்களில் அதை ஆதரித்துப் பேசியிருக்கிறேன். அதை இல்ஃபோர்டில் ஒரு முன்னறையில் இருந்துகொண்டு ஒரு மனிதரிடம் சொல்லும்போது அந்த நியாயம் ஒன்றுக்கும் உதவவில்லை.

யாழினி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்தாள். நான் சொல்லி முடித்தேன். காணியை யாரும் எடுக்கப் போவதில்லை என்று இரண்டு தரம் சொன்னேன். மரம்தான் இருக்காது, தண்ணீர் நிற்கும், பாசி வரும், பறவைகள் வரும் என்றேன். எனக்கே அருவருப்பாக இருந்தது. நடந்து போகலாமா என்று கேட்டார். கான் அடைத்தபிறகு கால் புதையும், போகாமலிருப்பது நல்லது என்றேன். மகளுக்கு எழுதலாமா என்று கேட்டார். எழுதலாம் என்றேன். அவரைத் தேற்றுகிற மாதிரி இருக்கட்டும் என்று நானே மறுபடி வாயைத் திறந்து, "என்ன நடந்தாலும் அது உங்கட பேரிலதான் இருக்கும், அண்ணை," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சின்னப்பிள்ளைக்கு விளங்கப்படுத்துகிற குரலில் சொன்னார்: "பேர் ஊரிலயும் இருக்குது, தம்பி."